விடுமுறை யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். குறிஞ்சி நிலத்துக்கு உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் கூறுவதும் கூதிரையும் முன்பனியையுமே. மேனாட்டார் ஏறத்தாழ இதே காலத்தை இலையுதிர் காலம் என்பர். அவர்கள் நாட்டில் இலை உதிர்கிறது. நம் நாட்டில் மழை உதிர்கிறது. அந்த மழை வலுப்பதற்குச் சற்று முன்னால், புரட்டாசியின் நடுவில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடிகிறது. ஆயுத பூசை விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. கடும் வெயிலும் இல்லை, அடைமழையும் இல்லை என்ற அந்த இடைவெளியில்தான், "எங்கேயாவது நாலு நாள் போய்வரலாமே" என்ற பேச்சு நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் எழுகிறது.

போய்வரட்டும். ஆண்டு முழுவதும் உழைக்கும் குடும்பம் நான்கு நாள் குளிர்ந்த காற்றைச் சுவாசிப்பதில் யாருக்கு என்ன மறுப்பு இருக்க முடியும்? விடுதியில் அறை எடுப்பதற்குப் பதிலாக, மலைமேல் ஒரு முழு வீட்டையே நாள் வாடகைக்குப் பிடித்துத் தங்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் அந்த வீட்டில் ஓர் அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பின் முன் நிற்கப்போவது யார் என்ற கேள்வியை, புறப்படும் முன் எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊருக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அதில் என் குற்றமும் அடங்கும்.

2024ஆம் ஆண்டு, நான் இக்கல்லூரியில் முதலாண்டு மாணவன். காலாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்வதென்று முடிவாயிற்று. அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தங்கை; சித்தப்பா, சித்தி, அவர்களின் இரு பிள்ளைகள்; ஆக ஒன்பது பேர். திட்டமிடும் பொறுப்பை அப்பாவும் சித்தப்பாவும் ஏற்றனர். ஒருநாள் இரவு கூடத்தில் அமர்ந்து தாளில் கணக்குப் போட்டார்கள். நான் வணிகவியல் மாணவன் இல்லையென்றாலும் கூட்டிக் கழிக்கத் தெரியுமே என்று என்னையும் அருகில் அமர்த்திக்கொண்டார்கள்.

கணக்கு இதுதான். விடுதியில் மூன்று அறைகள், ஒன்று 2,500 ரூபாய் வீதம், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய். அதற்கு மாறாக, மூன்று படுக்கையறை கொண்ட முழு வீடு ஓர் இரவுக்கு 5,500 ரூபாய். மூன்று இரவுகளில் இதிலேயே 6,000 ரூபாய் மிச்சம். அடுத்தது சாப்பாடு. சென்று சேரும் நாள் இரவு முதல் திரும்பும் நாள் மதியம் வரை ஒன்பது வேளை, ஆள் ஒன்பது, ஆக 81 சாப்பாடு. உணவகத்தில் ஒன்று 100 ரூபாய் என்றாலும் 8,100 ரூபாய். வீட்டில் சமைத்தால் மளிகையும் காய்கறியும் 3,600 ரூபாய்க்குள் அடங்கும். இதில் மிச்சம் 4,500 ரூபாய். மொத்தம் 10,500 ரூபாய் இலாபம் என்று நானே கூட்டிச் சொன்னேன். "பார்த்தியா, படிச்ச பிள்ளை!" என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார். அம்மா அப்போது அடுக்களையில் இருந்தார். அந்த 81 சாப்பாட்டையும் சமைக்கப்போகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு அம்மா உறங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய், குக்கர், தோசைக்கல், இட்லி மாவுத் தூக்கு, அப்பத்தாவின் மாத்திரைகள், வழியில் உண்ணப் புளிச்சோறு என்று வேனின் பின்பகுதி நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுக்களையே வத்தலக்குண்டு வழியாக மலையேறியது என்றால் மிகையாகாது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர், அதாவது 7,000 அடி உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நேரம் கூடும். குளிரில் மாவு எளிதில் புளிக்காது. இவையெல்லாம் எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்தவைதாம். படித்த நான் அவற்றை அங்கே எண்ணிப் பார்க்கவில்லை. படிக்காத அம்மாதான் அடுப்பின் முன் நின்று அவற்றை அனுபவித்தார். மாவு பொங்கவில்லை. இட்லி தட்டைக் கல்லாக வந்தது. "என்ன அண்ணி, மலைக்கு வந்ததும் கைப்பக்குவம் போயிடுச்சா?" என்று சித்தப்பா கேலி செய்ய, நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து அப்பத்தாவுக்கு வெந்நீர் வைப்பார். பிறகு காப்பி, பலகாரம், பாத்திரம். பத்து மணிக்கு நாங்கள் வெளியே கிளம்பும்போது, "நீங்க போய்ட்டு வாங்க, மதியத்துக்கு உலை வைக்கணும்" என்பார். சித்தி இரண்டாம் நாள் மட்டும் பிள்ளைகளோடு எங்களுடன் வந்தார். மற்ற நாளெல்லாம் அம்மாவுக்குத் துணை நின்றார். நாங்கள் படகில் சென்றோம், குதிரையேறினோம், ஏரியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டினோம், தூண்பாறையை மேகம் மூடித் திறப்பதைக் கண்டோம். பசித்ததும் வீட்டுக்கு வந்தோம். சோறு சூடாக இருந்தது. அது எப்படிச் சூடாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "அம்மா, இன்னொரு டீ" என்று குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஊர் திரும்பிய மறுநாள், பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம், "கொடைக்கானல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா சொன்னார்: "வீடு நல்ல வீடுதான். தண்ணியில கை வச்சா வெட்டுது. மாவு பொங்கவே இல்ல. பருப்பு வேகவே மாட்டேங்குது."

குறை சொல்லும் குரலில் அம்மா இதைச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். கொடைக்கானலில் அவர் கண்டது அவ்வளவுதான். ஏரியை அவர் பார்த்தது, திரும்பி வரும் நாளில், வேனின் சன்னல் வழியாக. நான் திண்ணையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 10,500 ரூபாய் இலாபம் என்று கூட்டிச் சொன்ன என் வாய் அன்று அடைத்துப்போயிற்று.

பின்னர் இரண்டாம் ஆண்டில், நாட்டு வருமானம் பற்றிய பாடத்தை எங்கள் பேராசிரியர் நடத்தியபோது அந்த நினைவு மீண்டும் வந்தது. ஒருவர் தம் வீட்டில் ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே மணந்துகொண்டால், வேலை அப்படியே இருக்க, நாட்டு வருமானம் மட்டும் குறைந்துவிடும் என்ற முரண்பாட்டைப் பிகு என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். 1934இல் மார்கரெட் ரீடு என்ற அமெரிக்க அறிஞர், வீட்டில் செய்யப்படும் செயல்களுள் எது உழைப்பு, எது பொழுதுபோக்கு என்று பிரித்தறிய எளிய உரைகல் ஒன்றைத் தந்தார். அச்செயலைக் கூலி கொடுத்து மூன்றாம் மனிதர் ஒருவரைக்கொண்டு செய்விக்க முடியுமா? முடியும் என்றால் அது உழைப்பு. ஏரியில் படகு செல்வதை எனக்காக வேறொருவர் செய்ய முடியாது. எனவே அது என் பொழுதுபோக்கு. ஒன்பது பேருக்குச் சோறாக்குவதை வேறொருவர் செய்ய முடியும். எனவே அது உழைப்பு.

அந்த மூன்றாம் மனிதர் எங்கள் கண்முன்னே இருந்தார் என்பதுதான் வேதனை. அவ்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாளியின் மனைவி, தங்க வருபவர்களுக்குச் சமைத்துத் தருவது வழக்கம். நாளொன்றுக்கு 600 ரூபாய் கேட்டார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க இருக்கறப்ப எதுக்கு வெட்டிச் செலவு?" என்று மறுத்துவிட்டோம். மூன்று நாளுக்கு 1,800 ரூபாய். சாப்பாட்டில் மிச்சம் பிடித்த 4,500 ரூபாயில் அதைக் கொடுத்திருந்தாலும் 2,700 ரூபாய் மிஞ்சியிருக்கும். படகுக்கும் குதிரைக்கும் சாக்லெட்டுக்கும் அதைவிடக் கூடுதலாகவே செலவிட்டோம். எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. அம்மாவின் ஓய்வுக்கு விலை உண்டு என்ற எண்ணம்தான் இல்லாமற்போயிற்று.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையா? நடுவண் அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாள்தோறும் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுவதாகவும், ஆண்கள் 88 நிமிடங்களே செலவிடுவதாகவும் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மகளிர் திட்டத்துக்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதும், இந்தக் கணக்கில் வராத உழைப்பைக் கருதியே. அரசின் ஏட்டில் ஏறத் தொடங்கிய இந்த உழைப்பு, நம் வீட்டுச் சுற்றுலாத் திட்டத்தாளில் இன்னும் ஏறவில்லையே!

மலைக்குச் சென்று வீடு எடுத்துத் தங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பக் கொடைக்கானலில் குடியிருப்புகள் அமைத்தனர். 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்சின் முயற்சியால் ஏரி உருவாயிற்று. வண்டிப்பாதை இல்லாத அந்நாளில் வெள்ளையரை டோலியில் வைத்து மலைமேல் சுமந்தவர்கள் நம் மக்கள். மலை வாசத்துக்குச் சென்ற துரைமார்கள் தங்கள் சமையற்காரரையும் பணியாளரையும் உடன் அழைத்துச் சென்றனர், துரைசானி அடுப்பூதவில்லை. துரைமார் போய்விட்டனர். அவர்களது வழக்கத்தை நாம் எடுத்துக்கொண்டோம். ஆனால் சமையற்காரரின் இடத்தில் நம்மைப் பெற்றவளை நிறுத்திவிட்டோம்!

இதற்குச் சிலர் மறுப்புக் கூறக்கூடும். "அம்மாவுக்குச் சமைப்பதில்தான் மகிழ்ச்சி" என்பர். இருக்கலாம். ஆனால் சமைக்காமல் இருக்கும் மகிழ்ச்சியை ஒருநாளாவது தந்து பார்த்துவிட்டு அல்லவா இரண்டில் எது உயர்ந்தது என்று முடிவு கட்ட வேண்டும்? "வெளிச் சாப்பாடு முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்பர். உண்மைதான். என் அப்பத்தாவுக்குக் காரம் ஆகாது. அதனாலேயே விடுதியைவிட வீடு சிறந்தது என்கிறேன். வீடு வேண்டாம், அடுப்பு வேண்டாம் என்பதன்று என் வாதம். அடுப்பு இருக்கட்டும், அதன் முன் நிற்பவர் முறை மாறி மாறி நிற்கட்டும் என்பதே. "கூலிக்கு வேறொரு பெண்ணைச் சமைக்க வைப்பது மட்டும் நியாயமா?" என்று கேட்பாரும் உண்டு. நல்ல கேள்வி. கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தால் அது அவருக்கு வருவாய். நம் அம்மாவுக்கு அந்தக் கூலியும் இல்லை, பேரம் பேசும் வாய்ப்பும் இல்லை.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் மீண்டும் பேச்சு எழுந்தது. புரட்டாசியில் கொடைக்கானல். இம்முறை தாளை நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் எதிரில் அமர்ந்து, பணக் கணக்குக்குப் பக்கத்திலேயே நேரக் கணக்கு என்று இன்னொரு பத்தி இழுத்தேன். காலைப் பலகாரம் நானும் தங்கையும். ரொட்டியோ உப்புமாவோ எங்களுக்குத் தெரிந்தது எதுவோ அது. மதியம் வெளியில். இரவுச் சமையலுக்கு அவ்வீட்டிலேயே கூலிக்கு ஆள். பாத்திரம் அப்பாவும் சித்தப்பாவும். அப்பத்தாவின் வெந்நீர் என் பொறுப்பு.

அப்பாவின் முகம் மாறியது. "அப்போ கண்ட இடத்துல தின்னு வயித்தைக் கெடுத்துக்கச் சொல்றியா? நான் பாத்திரம் கழுவவா கொடைக்கானல் போறேன்?" என்றார்.

"அம்மா மட்டும் அதுக்காகவாப்பா போனாங்க?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அப்பாவை எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. குரல் நடுங்கத்தான் செய்தது.

அப்பா எழுந்து வாசலுக்குச் சென்றுவிட்டார். உள்ளிருந்து வந்த அம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார். "அப்பாகிட்ட என்னடா பேச்சு இது? எனக்கு என்ன கஷ்டம்? சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பொழுது போகாது" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சும்மா உட்கார்ந்தறியாத ஒருவர், சும்மா உட்கார்ந்தால் பொழுது போகாது என்று எப்படிக் கண்டார்? நான் வாதாடவில்லை. சற்று நேரம் கழித்து, பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பாராமல் அம்மா கேட்டார்: "அந்த ஏரியைச் சுத்தி நடந்து வர எவ்வளவு நேரம்டா ஆகும்?"

ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். ஈராண்டுகளாக அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் மனத்தில் வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அப்பா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "ராத்திரிச் சமையலுக்கு அந்த அம்மாகிட்டயே போன்ல பேசிடு" என்று மட்டும் சொன்னார். பாத்திரம் கழுவும் வரியை அடிக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பேச்சு எழும்போது, பேனாவை நீங்கள் கையில் எடுங்கள். நாள் குறிக்கும்போது ஆயுத பூசையை ஒட்டிய நெரிசலைத் தவிர்த்து வார நாட்களைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால் அதற்கு முன் திரும்பிவிடுங்கள். கன மழையில் மலைப்பாதையில் மண் சரியும். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியைக் கேட்டறியுங்கள். வீடு பேசும்போது எத்தனை அறை என்று மட்டும் கேளாதீர்கள். பாட்டி ஏறப் படி எத்தனை, வெந்நீர் வருமா, குக்கர் இருக்கிறதா, சமைக்க ஆள் கிடைக்குமா, கூலி எவ்வளவு என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்தால் எழுத்தில் சான்று வாங்குங்கள்.

இவையெல்லாம் கேட்ட பிறகு, இறுதியாக ஒரு கேள்வியை அடுக்களைக்குள் சென்று கேளுங்கள்: "அம்மா, அங்கே உனக்கு என்ன பார்க்கணும்?" உடனே பதில் வராது. இதுவரை கேட்கப்படாத கேள்வி அல்லவா? காத்திருங்கள். வரும் பதிலைத் திட்டத்தாளின் முதல் வரியாக எழுதுங்கள். வாடகையும் வண்டியும் மளிகையும் அதற்குக் கீழே வரட்டும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஓய்வு இல்லாத நாளுக்கு விடுமுறை என்று பெயரிடுவது பொருந்தாது. எங்கள் தாளின் முதல் வரியில் இப்போது இருப்பது இதுதான்: 'முதல் நாள் மாலை: ஏரியைச் சுற்றி நடை, அம்மா.'